உண்ட உணவும் குருதியின் ஓமோன்களும்: போசணைப் பொருட்களுக்குச் சமிபாட்டு ஓமோன்கள் காட்டும் துலங்கல்



றமழான் மாதத்து மாலை நேரம் ஒன்றை நினைத்துப் பாருங்கள். பொத்துவிலில் மஃரிப் பாங்கு ஒலிக்கிறது. நீங்கள் ஈத்தம்பழம் ஒன்றை வாயிலிட்டு நோன்பு திறக்கிறீர்கள். அடுத்து ஒரு கிளாஸ் சர்பத், பின்னர் நோன்புக் கஞ்சி. சற்று நேரத்தின் பின் சோறு, கீரிமீன் கறி, பருப்பு, தேங்காய்ப்பால் விட்ட கீரை. அருகில் இருக்கும் மூத்தம்மாவுக்கு நீரிழிவு. அவர் சர்பத்தைப் பார்க்கிறார்; உம்மா கையை நீட்டித் தடுக்கிறார்.

உங்களுக்கு ஒன்றும் செய்யாத அதே சர்பத் மூத்தம்மாவுக்கு மட்டும் ஏன் ஆகாது? மீனும் கீரையும் அவருக்கு ஏன் அந்தளவு கெடுதல் செய்வதில்லை? இவ்வினாக்களுக்கு விடை குருதியிலுள்ள ஓமோன்களில் இருக்கிறது. மாப்பொருள், புரதம், கொழுப்பு ஆகிய மூன்றும் உடலினுள் சென்றதும் வெவ்வேறு ஓமோன்களின் மட்டத்தை வெவ்வேறு விதமாக மாற்றுகின்றன. அதனை இப்பகுதியில் படிப்படியாகப் பார்ப்போம்.

1. முதலில் ஒரு சிறு கணக்கு

வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறத்தாழ 5 லீற்றர் குருதி உண்டு. 5 லீற்றர் என்பது 50 டெசிலீற்றர். வெறும் வயிற்றில் ஒரு டெசிலீற்றர் குருதியில் ஏறத்தாழ 90 மில்லிகிராம் குளுக்கோசு இருப்பதாகக் கொள்வோம்.

90 × 50 = 4500 மில்லிகிராம் = 4.5 கிராம்

அதாவது உடலின் முழுக் குருதியிலும் உள்ள குளுக்கோசு ஒரு தேக்கரண்டிச் சீனியின் அளவேயாகும். ஆனால் 300 கிராம் நிறையுள்ள ஒரு கோப்பைச் சோற்றில் ஏறத்தாழ 80 கிராம் மாப்பொருள் உண்டு. அது சமிபாடடைந்து குளுக்கோசாகி முழுவதும் குருதியிலேயே தங்குமாயின் குளுக்கோசு மட்டம் பதினெட்டு மடங்கு வரை உயர வேண்டும். சுகதேகியில் அவ்வாறு உயர்வதில்லை. சாப்பிட்டு இரண்டு மணித்தியாலத்தில் மட்டம் பெரும்பாலும் 140 மில்லிகிராமுக்குக் கீழ் வந்துவிடுகிறது. இதனைச் சாத்தியமாக்குபவை ஓமோன்களே. அகச்சூழலை இவ்வாறு மாறாது பேணுதல் ஒருசீர்த்திடநிலை எனப்படும்.

2. நொதியம் வேறு, ஓமோன் வேறு

பரீட்சையில் மாணவர் பலர் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வர். எனவே தெளிவாக விளங்கிக்கொள்ளுங்கள்.

நொதியம்: கான் வழியாகவோ நேரடியாகவோ உணவுக்கால்வாயினுள் சுரக்கப்படும். உணவின் மீது தொழிற்பட்டு அதனை உடைக்கும். உதாரணம்: அமிலேசு, பெப்சின், இலிப்பேசு.

ஓமோன்: கான் இன்றி நேரடியாகக் குருதியில் சேரும். உணவை உடைக்காது. தொலைவிலுள்ள இலக்கு அங்கத்துக்குச் செய்தியைக் கொண்டு செல்லும். மிகச் சிறிய அளவே போதுமானது. உதாரணம்: இன்சுலின், காஸ்திரின்.

சதையி இரண்டையும் செய்யும் சுரப்பியாகும். அது நொதியங்களைக் கான் வழியே முன்சிறுகுடலுக்கு அனுப்புகிறது. அதன் இலங்ககான் சிறுதீவுகள் இன்சுலினையும் குளுக்ககனையும் குருதியினுள் விடுகின்றன.

இரைப்பையினதும் சிறுகுடலினதும் உட்சுவரில் ஓமோன் சுரக்கும் கலங்கள் ஆங்காங்கே பரந்து காணப்படுகின்றன. இவை தம்மைக் கடந்து செல்லும் உணவில் என்ன இருக்கிறது என்பதை உணர்ந்து, அதற்கேற்ற ஓமோனைக் குருதியில் விடும்.

3. முதலிற் கண்டறியப்பட்ட ஓமோன்

அமில உணவு முன்சிறுகுடலை அடைந்ததும் சதையி தன் சாற்றைச் சுரப்பது எவ்வாறு? நரம்புகளே இச்செய்தியைக் கொண்டு செல்கின்றன என ஒரு காலத்தில் கருதப்பட்டது. 1902 இல் இலண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் ஆகிய இருவரும் இதனைப் பரிசோதித்தனர். ஒரு நாயின் சிறுகுடற் பகுதியொன்றுக்குச் செல்லும் நரம்புகளை வெட்டிவிட்டு, அப்பகுதியினுள் அமிலத்தை இட்டனர். நரம்பு இல்லாதபோதும் சதையி சாற்றைச் சுரந்தது. பின்னர் குடலின் உட்படையை அமிலத்துடன் அரைத்து வடித்து, அவ்வடிநீரைக் குருதியினுள் செலுத்தினர். அப்போதும் சதையி சுரந்தது. எனவே செய்தி குருதி வழியாகவே செல்கிறது என்பது உறுதியாயிற்று. அப்பதார்த்தத்துக்குச் செக்கிரிற்றின் எனப் பெயரிட்டனர். ஓமோன் என்ற சொல்லை ஸ்டார்லிங் 1905 இல் அறிமுகம் செய்தார்.

செக்கிரிற்றினைத் தூண்டுவது அமிலமே என்பதைக் கவனியுங்கள். அதன் தாக்கத்தால் சதையி இருகாபனேற்று நிறைந்த காரச் சாற்றை விடுகிறது. அமிலம் நடுநிலையாக்கப்படுகிறது. சதையியின் நொதியங்கள் தொழிற்படுவதற்கு ஏற்ற ஊடகம் உண்டாகிறது. அமிலம் குறைந்ததும் செக்கிரிற்றினும் குறைகிறது.

4. புரதம் வந்தால்

கீரிமீன் துண்டு இரைப்பையை அடைந்ததும் அதன் புரதத்தின் ஒரு பகுதி உடைந்து பெப்ரைட்டுகளும் அமினோ அமிலங்களும் உண்டாகின்றன. இவை இரைப்பையின் கீழ்ப்பகுதியிலுள்ள கலங்களைத் தூண்ட, காஸ்திரின் என்னும் ஓமோன் குருதியில் சேர்கிறது. உணவினால் இரைப்பை விரிவடைவதும் இதனைத் தூண்டும். காஸ்திரின் குருதியிற் சுற்றி மீண்டும் இரைப்பைச் சுவரையே அடைந்து, ஐதரோகுளோரிக் அமிலச் சுரப்பைக் கூட்டுகிறது. அமிலம் பெப்சினைத் தொழிற்பட வைக்கிறது.

மூன்று போசணைப் பொருட்களுள் காஸ்திரின் மட்டத்தை நன்கு உயர்த்துவது புரதமே. சீனியோ கொழுப்போ இதனைக் குறிப்பிடத்தக்க அளவில் உயர்த்துவதில்லை. இரைப்பையில் அமிலம் மிகும்போது காஸ்திரின் சுரப்புத் தானாகவே அடக்கப்படுகிறது. இது எதிர்ப் பின்னூட்டல் எனப்படும்.

அமினோ அமிலங்கள் குருதியை அடைந்ததும் மற்றொரு மாற்றம் நிகழ்கிறது. இன்சுலினும் குளுக்ககனும் இரண்டுமே உயர்கின்றன. இவை எதிரெதிர்த் தொழில் புரிபவை அல்லவா? இரண்டும் ஒன்றாக உயர்வது ஏன் எனச் சிந்தியுங்கள்.

ஒருவர் மீனை மட்டும் உண்கிறார் எனக் கொள்வோம். அமினோ அமிலங்களைக் கலங்களினுள் எடுத்துப் புரதம் தொகுக்க இன்சுலின் தேவை. ஆனால் மீனில் மாப்பொருள் இல்லையென்றே சொல்லலாம். இன்சுலின் மட்டும் உயர்ந்தால் குருதியில் உள்ள அந்த ஒரு தேக்கரண்டிக் குளுக்கோசும் குறைந்து ஆபத்து நேரும். குளுக்ககன் கூடவே உயர்ந்து, ஈரலிலிருந்து குளுக்கோசை விடுவித்து அந்த இழப்பை ஈடுசெய்கிறது.

5. கொழுப்பு வந்தால்

தேங்காய்ப்பாலிலும் மீனிலும் உள்ள கொழுப்பு முன்சிறுகுடலை அடைந்ததும், அங்கு உண்டாகும் கொழுப்பமிலங்கள் கொலசிஸ்டோகைனின் என்னும் ஓமோனைச் சுரக்கச் செய்கின்றன. புரதத்தின் சமிபாட்டு விளைவுகளும் இதனைத் தூண்டும். மாப்பொருளின் தூண்டல் மிகக் குறைவு. இவ்வோமோன் நான்கு வேலைகளைச் செய்கிறது.

(அ) பித்தப்பையைச் சுருங்கச் செய்து பித்தத்தை வெளியேற்றும். பித்தம் கொழுப்பைச் சிறு துளிகளாக்கும்.
(ஆ) சதையியின் நொதியச் சுரப்பைக் கூட்டும்.
(இ) இரைப்பை வெறுமையாகும் வேகத்தைக் குறைக்கும்.
(ஈ) மூளைக்குத் திருப்தி உணர்வை அறிவிக்கும்.

நெய்ச்சோறு சாப்பிட்டால் நெடுநேரம் பசிப்பதில்லை என வீட்டில் சொல்வார்கள். அதற்கு (இ), (ஈ) ஆகிய இரண்டும் முக்கிய காரணங்களாகும். பித்தப்பையில் கல் உள்ளவருக்குக் கொழுப்பு உணவின் பின் வலி எடுப்பதற்குக் காரணம் (அ) ஆகும்.

கொழுப்பைத் தனியே உண்டால் இன்சுலின் மட்டம் சிறிதளவே மாறும் என்பதையும் மனதிற் கொள்க.

6. மாப்பொருள் வந்தால்

சோற்றின் மாப்பொருள் அமிலேசினால் மோற்றோசாகவும் பின்னர் குளுக்கோசாகவும் மாறி, சடைமுளைகளால் அகத்துறிஞ்சப்பட்டு, ஈரல்வாயினாளம் வழியாக ஈரலை அடைகிறது. குருதிக் குளுக்கோசு உயர்வதைச் சதையியின் பீற்றாக் கலங்கள் உணர்ந்து இன்சுலினைச் சுரக்கின்றன. பெரும்பாலும் உணவு உண்டு 30 முதல் 60 நிமிடங்களில் இன்சுலின் உச்சத்தை அடையும். தசைக்கலங்களும் கொழுப்புக்கலங்களும் குளுக்கோசை உள்ளெடுக்கின்றன. ஈரல் அதனைக் கிளைக்கோஜனாகச் சேமிக்கிறது. குளுக்ககன் மட்டம் தாழ்கிறது.

இங்கு விஞ்ஞானிகளை வியக்க வைத்த ஒரு விடயம் உண்டு. 1964 இல் வெளிவந்த ஆய்வுகளில் சிலருக்குக் குளுக்கோசு வாய் வழியாகவும், வேறொரு தடவை நாளம் வழியாக நேரடியாகக் குருதியினுள்ளும் கொடுக்கப்பட்டது. நாளத்தில் ஏற்றியபோது இன்சுலின் கூட வேண்டும் என்றே எவரும் எண்ணுவர். ஆனால் வாயால் அருந்தியபோதே இன்சுலின் அதிகமாகச் சுரந்தது. குளுக்கோசு குடல் வழியாகச் செல்லும்போது குடலும் சதையிக்குச் செய்தி அனுப்புகிறது என்பதே இதன் பொருள்.

அச்செய்தியைக் கொண்டு செல்லும் குடல் ஓமோன்கள் இரண்டு:

ஜீஐபீ: பெரும்பாலும் சிறுகுடலின் மேற்பகுதியிற் சுரக்கப்படும். குளுக்கோசும் கொழுப்பும் இதனைத் தூண்டும்.

ஜீஎல்பீ-1: பெரும்பாலும் சிறுகுடலின் கீழ்ப்பகுதியிலும் பெருங்குடலிலும் சுரக்கப்படும். மாப்பொருள், கொழுப்பு, புரதம் மூன்றும் தூண்டும். இன்சுலினைக் கூட்டும், குளுக்ககனைக் குறைக்கும், இரைப்பை வெறுமையாதலைத் தாமதப்படுத்தும், பசியைத் தணிக்கும்.

சுகதேகி ஒருவர் குளுக்கோசை வாயால் அருந்திய பின் சுரக்கும் இன்சுலினில் பாதிக்கு மேற்பட்டது இவ்விரு ஓமோன்களின் உதவியாற் சுரப்பதாகும். ஜீஎல்பீ-1 குருதியில் ஏறத்தாழ 2 நிமிடங்களில் பாதியாகக் குறைந்துவிடும். செய்தியைச் சொன்னதும் தூதுவன் மறைந்துவிடுகிறான். எனவே உணவு முடிந்ததும் தூண்டலும் விரைவாக முடிகிறது.

7. பசியும் நிறைவும்

இரைப்பையில் சுரக்கும் கிரெலின் என்னும் ஓமோனை 1999 இல் யப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். ஏனைய ஓமோன்கள் உணவின் பின் உயர, இது உணவுக்கு முன் உயர்ந்து பசியைத் தூண்டும், உண்டபின் தாழும். மாப்பொருளும் புரதமும் இதனை நன்கு தாழ்த்துகின்றன. கொழுப்பின் தாக்கம் அவற்றை விடக் குறைவு. உணவு சிறுகுடலின் கீழ்ப்பகுதியை அடைந்ததும் பீவைவை என்னும் ஓமோன் உயர்ந்து, "போதும்" என மூளைக்கு அறிவிக்கிறது.

8. சுருக்கமாக நினைவிற் கொள்க

மாப்பொருள்: இன்சுலின் நன்கு உயரும்; குளுக்ககன் தாழும்; ஜீஐபீ, ஜீஎல்பீ-1 உயரும்; கிரெலின் தாழும்.

புரதம்: காஸ்திரின் உயரும், கொலசிஸ்டோகைனின் உயரும், இன்சுலின் மிதமாக உயரும், குளுக்ககனும் உயரும், கிரெலின் தாழும்.

கொழுப்பு: கொலசிஸ்டோகைனின் நன்கு உயரும், ஜீஐபீ, ஜீஎல்பீ-1, பீவைவை உயரும், இன்சுலின் சிறிதளவே மாறும்.

அமிலம் (போசணைப் பொருளன்று): செக்கிரிற்றின் உயரும், காஸ்திரின் தாழும்.

9. ஒரு நோன்பு நாள்: குருதியில் நடப்பது

எமது பகுதியில் நோன்பு 13 மணித்தியாலத்துக்கு மேல் நீடிக்கும். அந்நாளை ஓமோன்களின் கண்கொண்டு பாருங்கள்.

சஹர் முடிந்ததும்: சோற்றின் குளுக்கோசால் இன்சுலின் உயர்கிறது. ஈரலில் கிளைக்கோஜன் சேமிக்கப்படுகிறது.

முற்பகல்: அகத்துறிஞ்சல் முடிகிறது. இன்சுலின் தாழ, குளுக்ககன் ஓங்குகிறது. ஈரல் கிளைக்கோஜனை உடைத்துக் குளுக்கோசை விடுகிறது.

பிற்பகல்: கிளைக்கோஜன் குறைந்துகொண்டே செல்கிறது. அமினோ அமிலம், கிளிசரோல் முதலியவற்றிலிருந்து ஈரல் புதிதாகக் குளுக்கோசை ஆக்குகிறது. கொழுப்புக்கலங்களிலிருந்து கொழுப்பமிலங்கள் விடுபட்டுச் சக்திக்குப் பயன்படுகின்றன. வழமையாகச் சாப்பிடும் வேளையை ஒட்டிக் கிரெலின் உயர்வதால் மதியம் பசி தெரியும். பின்னர் அது சற்றுத் தணியும்.

நோன்பு திறந்ததும்: ஈத்தம்பழத்தின் எளிய வெல்லங்கள் விரைவாகக் குருதியை அடைகின்றன. இன்சுலின் மீண்டும் உயர்கிறது.

நீங்கள் மயங்கி விழாமல் மாலை வரை பாடம் படிக்க முடிவது குளுக்ககனின் உதவியாலேயே என்பதை மறவாதீர்கள்.

10. மூத்தம்மாவின் சர்பத்

இரண்டாம் வகை நீரிழிவில் கலங்கள் இன்சுலினுக்குச் சரிவரத் துலங்குவதில்லை. சதையியாலும் தேவையான அளவு இன்சுலினைச் சுரக்க முடிவதில்லை. குடல் ஓமோன்கள் இன்சுலினைக் கூட்டும் விளைவும் குன்றிவிடுகிறது. எனவே சர்பத்தின் சீனி வேகமாக வந்து சேர, அதனை அகற்றும் ஏற்பாடு தாமதமாகிறது. வெறும் வயிற்றில் குளுக்கோசு 126 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் இருப்பது, மீண்டும் பரிசோதித்து உறுதி செய்யப்பட்டால், நீரிழிவாகக் கொள்ளப்படும்.

2005–2006 காலப்பகுதியில் இலங்கையில் நடத்தப்பட்ட ஆய்வொன்றில், 20 வயதுக்கு மேற்பட்டோரில் 10.3 சதவீதமானோருக்கு நீரிழிவு காணப்பட்டது. அவர்களுள் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமானோர் தமக்கு நோய் இருப்பதை அதுவரை அறிந்திருக்கவில்லை. ஆகவே இது பரீட்சைக்கு மட்டுமான பாடம் அன்று.

ஓமோன் அறிவு மருந்தாகவும் மாறியிருக்கிறது. அமெரிக்கப் பாலைநிலத்து நச்சுப் பல்லியொன்றின் உமிழ்நீரில், ஜீஎல்பீ-1 ஐப் போலத் தொழிற்பட்டு, ஆனால் விரைவில் அழியாத ஒரு பதார்த்தம் கண்டறியப்பட்டது. அதன் வழிவந்த மருந்து 2005 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஜீஎல்பீ-1 ஐ அழிக்கும் நொதியத்தைத் தடுக்கும் மாத்திரைகளும் இன்று பயன்பாட்டில் உள்ளன.

வீட்டில் செய்யக்கூடியவையும் உண்டு. 2015 இல் நியூயோர்க்கில் இரண்டாம் வகை நீரிழிவுள்ள 11 பேரிடம் செய்யப்பட்ட சிறு ஆய்வில், மரக்கறியையும் புரதத்தையும் முதலில் உண்டு மாப்பொருளைக் கடைசியில் உண்டபோது, அதே உணவே ஆயினும் குளுக்கோசும் இன்சுலினும் குறைவாகவே உயர்ந்தன. காரணத்தை இப்போது நீங்களே ஊகிக்கலாம்: புரதமும் கொழுப்பும் முன்சென்று ஜீஎல்பீ-1, கொலசிஸ்டோகைனின் ஆகியவற்றை உயர்த்த, இரைப்பை மெதுவாக வெறுமையாகிறது, மாப்பொருள் சிறிது சிறிதாகவே குடலை அடைகிறது. மீனையும் கீரையையும் முதலில் உண்டு, சோற்றை அளவாகப் பின்னர் உண்ணலாம் என்பது எமது கோப்பைக்கும் பொருந்தும். சர்பத்துக்குப் பதில் தண்ணீரே சிறந்தது. 2016 முதல் இலங்கையில் மென்பானப் போத்தல்களில் சீனியின் அளவைக் காட்டும் நிற அடையாளம் இடப்பட்டது. சிவப்பு நிறம் சீனி அதிகம் என்பதைக் குறிக்கும்.

எச்சரிக்கை: இன்சுலின் ஊசியோ நீரிழிவு மாத்திரையோ எடுப்பவர் நோன்பு நோற்க முன்னர் வைத்தியரிடம் ஆலோசனை பெறவேண்டும். குளுக்கோசு 70 மில்லிகிராமுக்குக் கீழ் இறங்கினால், அல்லது நடுக்கம், வியர்வை, தடுமாற்றம் தோன்றினால் உடனே நோன்பை விட்டுச் சீனி கலந்த பானம் அருந்த வேண்டும். நோயாளிக்கு மார்க்கம் சலுகை அளித்திருக்கிறது. சர்பத் மருந்தாகும் வேளையும் இதுவே.

11. மாணவர் விடும் தவறுகள்

● குளுக்ககன் என்பது ஓமோன். கிளைக்கோஜன் என்பது சேமிப்பு மாப்பொருள். எழுத்தில் மாற்றி எழுதினால் புள்ளி போய்விடும்.
● பித்தம் உற்பத்தியாவது ஈரலில், சேமிக்கப்படுவதே பித்தப்பையில்.
● "இன்சுலின் குளுக்கோசைச் சமிபாடடையச் செய்யும்" என எழுதாதீர்கள். குளுக்கோசு சமிபாட்டின் விளைவு. இன்சுலின் அதனைக் கலங்கள் உள்ளெடுக்கவும் சேமிக்கவும் உதவுகிறது.

12. மாதிரி வினாக்கள்

வினா 1: ஓமோனுக்கும் நொதியத்துக்கும் இடையிலான வேறுபாடுகள் இரண்டு தருக.
விடை: ஓமோன் குருதியிற் சேர்ந்து இலக்கு அங்கத்தை அடையும், நொதியம் கான் வழியாகவோ நேரடியாகவோ உணவுக்கால்வாயை அடையும். ஓமோன் உணவை உடைக்காது, நொதியம் உடைக்கும்.

வினா 2: புரத உணவின் பின் இன்சுலினுடன் குளுக்ககனும் உயர்வதன் அனுகூலம் யாது?
விடை: இன்சுலினால் குருதிக் குளுக்கோசு அளவுக்கு மீறிக் குறைந்துவிடாது தடுக்கப்படும்.

வினா 3: வாய் வழியாகக் குளுக்கோசு கொடுத்தபோது, நாளம் வழியாகக் கொடுத்தபோதிலும் பார்க்க அதிக இன்சுலின் சுரந்தது. விளக்குக.
விடை: குடலில் குளுக்கோசு ஜீஐபீ, ஜீஎல்பீ-1 ஆகியவற்றைச் சுரக்கச் செய்தது. அவை குருதி வழியாகச் சதையியை அடைந்து இன்சுலின் சுரப்பைக் கூட்டின.

வினா 4: ஒருவரின் பித்தப்பை அகற்றப்பட்டுள்ளது. அவர் கொழுப்பு உண்ணும்போது கொலசிஸ்டோகைனின் சுரக்குமா?
விடை: சுரக்கும். அது முன்சிறுகுடலிற் சுரப்பதாகும். எனினும் சேமித்த பித்தம் இல்லாமையால் ஈரலிலிருந்து தொடர்ந்து வடியும் பித்தமே கிடைக்கும்.

இன்றிரவு சாப்பிட உட்காரும்போது உங்கள் கோப்பையைப் பாருங்கள். சோறு, மீன், கீரை, சொதி ஒவ்வொன்றும் எந்த ஓமோனை உயர்த்தும், எதனைத் தாழ்த்தும் எனக் கொப்பியைப் பாராது சொல்லிப் பாருங்கள். சொல்ல முடிந்தால் பாடம் உங்கள் கையில். பின்னர் அதனை மூத்தம்மாவுக்கும் உம்மாவுக்கும் விளங்கப்படுத்துங்கள். பிறருக்கு விளக்கத் தெரிந்ததே நன்கு கற்றதாகும்.